திருத்தும் உரிமை

2018 மே மாதம் யூரோவிஷன் பாட்டுப் போட்டி முதன்முறையாக லிஸ்பன் நகரில் நடந்தது. அதைத் தொகுத்து வழங்கிய நான்கு பெண்களில் ஒருவர் டானியேலா ரூவா. போர்ச்சுகலின் பெயரால் உலகத்தை வரவேற்க நின்ற அந்த நடிகை பிறந்த ஊர் அமெரிக்காவின் பாஸ்டன், ஆண்டு 1983. பெற்றோர் போர்ச்சுகீசியர். ஐந்து வயதில் தாயோடு போர்ச்சுகலுக்குப் போனார். அங்கே படித்தது ஆங்கிலப் பள்ளியில். பதினாறு வயதில் அந்நாட்டுத் தொலைக்காட்சித் தொடர்களில் நடிக்கத் தொடங்கினார். லண்டனில் மேடைக்கலையில் பட்டம் பெற்று, 2007இல் நியூயார்க்கின் லீ ஸ்ட்ராஸ்பெர்க் நடிப்புப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். 2009 முதல் 2023 வரை பதினான்கு பருவங்கள் ஓடிய ‘என்சிஐஎஸ்: லாஸ் ஏஞ்சலஸ்’ தொடரில் கென்சி பிளை என்ற புலனாய்வாளராக நடித்ததுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. இடையில் ‘ரெட் டெய்ல்ஸ்’ படத்தில் இத்தாலியப் பெண். 2020இல் போர்ச்சுகல் தொலைக்காட்சியின் ‘அ எஷ்பியா’ தொடரில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து உளவாளி. தன் தொழிலையும் பூர்வீகத்தையும் பற்றிப் பேசும்போது அவர் தன்னைப் போர்ச்சுகீசியர், அமெரிக்கர், யூதர் என்று மூன்று சொற்களாலும் அழைத்துக்கொள்கிறார். மூன்றில் எது முதல் என்ற கேள்வி அவரைவிட அவரைப் பேட்டி காண்பவர்களுக்கே அதிகம் தேவைப்படுவதாகத் தோன்றுகிறது.

இப்படியொரு வாழ்க்கையை எழுத உட்காருகிறவர்கள் வழக்கமாகத் தொழிலை வேடம் என்றும் பூர்வீகத்தை வேர் என்றும் பிரித்துக்கொள்வார்கள். அரிதாரத்தைக் கலைத்தால் அடியில் உண்மை முகம் இருக்கும். மண்ணைத் தோண்டினால் அடியில் வேர் இருக்கும். இரண்டும் ஆழத்தில், அசையாமல், நம்மைக் கேட்காமலே இருப்பவை என்பது இதற்குள் இருக்கும் எண்ணம். தமிழில் வேடம் என்ற சொல்லே இந்தப் பிரிவினைக்கு ஒத்துவருவதில்லை. கூத்தாடி போடுவதும் வேடம். சிவனடியார் தரிக்கும் நீறும் சடையும் திருவேடம். உள்ளே வந்தவன் பகைவன் என்று குத்துப்பட்ட பிறகு தெரிந்தும், அவன் மேலிருந்த வேடத்துக்குத் தலைவணங்கினார் மெய்ப்பொருள் நாயனார். பொய்யன் தரித்தால் வேடம் பொய்யாகிவிடுமா என்ற சங்கடமான கேள்வியைச் சேக்கிழார் நம் முன் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சமயங்கள் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிற கேள்வி இது. ஒருவரின் நம்பிக்கை அவர் நெஞ்சில் இருக்கிறதா, அவர் செய்வதில் இருக்கிறதா? வெளியே ஒன்றைச் செய்துகொண்டு உள்ளே வேறொன்றாக இருப்பவர் எதைச் சேர்ந்தவர்? போர்ச்சுகீசிய யூதர்களின் வரலாற்றைப்போல இதைக் கடுமையாகச் சோதித்த இடம் வேறில்லை. ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் ஒரு சமூகமே நடிக்க வைக்கப்பட்ட நாடு அது. ரூவா என்ற குடும்பப்பெயர், காற்று, மூச்சு, ஆவி என்றெல்லாம் பொருள்படும் எபிரேயச் சொல்லோடு ஒலியில் ஒன்று என்பதையும் சொல்லிவைக்கலாம். வேரைத் தேடிப் போனால் காற்று எதிர்ப்படுகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1496 டிசம்பரில் மன்னர் மானுவெல் யூதர்களை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். ஆனால் அவர்களை இழக்க அவருக்கு மனமில்லை. எனவே 1497இல் வெளியேறும் வழிகளை அடைத்து, கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். ஒரே ஆண்டில் யூதர்கள் மறைந்து ‘புதுக் கிறிஸ்தவர்கள்’ என்ற இனம் முளைத்தது. 1506 ஏப்ரலில் லிஸ்பனின் சாவோ டொமிங்கோஸ் கோயிலில் தொடங்கிய கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதுக் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 1536இல், மறைவில் யூதச் சடங்குகளைச் செய்தவர்களைத் தேடித் தண்டிக்க, சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. அது மூடப்பட்டது 1821இல்தான். ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இன்றைய லிஸ்பன் யூத சமூகத்தின் பெரும்பகுதி இப்படி மறைந்து வாழ்ந்தவர்களின் வழி வந்ததல்ல. தப்பிப்போனவர்களின் வழித்தோன்றல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொராக்கோவிலிருந்தும் ஜிப்ரால்டரிலிருந்தும் திரும்பி வந்து உருவாக்கியது அது. 1904இல் அவர்கள் கட்டிய ஷாரே திக்வா தொழுகைக்கூடத்துக்குத் தெருவைப் பார்த்த முகப்பு கிடையாது. கத்தோலிக்கம் அல்லாத வழிபாட்டிடம் தெருவில் முகம் காட்டக் கூடாது என்பது அன்றைய சட்டம். ஆக, போனவர்கள் வெளிப்படையாகச் செய்து காத்தார்கள், இருந்தவர்கள் மறைத்துச் செய்து காத்தார்கள். நான் இங்கே அதிகம் பேசப்போவது இருந்தவர்களைப் பற்றி. வேடம் என்ற கேள்வி அவர்களைத்தான் அழுத்தியது.

போர்ச்சுகலுக்கு முன்பே இந்தக் கேள்வி எழுந்து, ஒரு பெரிய மனிதரிடமிருந்து பதிலும் வந்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் மொராக்கோவையும் தெற்கு ஸ்பெயினையும் ஆண்ட அல்மொஹாத் அரசர்கள் யூதர்களை இஸ்லாத்தை ஏற்கச் சொன்னார்கள். வாயால் ஒப்புக்கொண்டு, வீட்டுக்குள் யூதக் கட்டளைகளைக் கைக்கொண்டவர்கள் பலர். அவர்களைப் பற்றி ஒரு ரபி கடுமையாகத் தீர்ப்புச் சொன்னார்: வாயால் ஒப்புக்கொண்டவன் வெளியே போய்விட்டவன், அவன் மறைவில் செய்யும் வேண்டுதலுக்கும் பலன் இல்லை. இதற்கு மறுப்பாக யூதச் சிந்தனையாளர் மைமோனிடிஸ் ஒரு மடல் எழுதினார். அவர் வாதத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ‘உள்ளே நம்பினால் போதும், வெளியே என்ன செய்தாலும் குற்றமில்லை’ என்று அவர் சொல்லவில்லை. இந்தக் கொடுமை சொல்லைத்தான் கேட்கிறது, செயலைக் கேட்கவில்லை. ஆகவே சொல்லைக் கொடுத்துவிட்டுச் செயலைக் காப்பாற்று. மறைவில் ஒரே ஒரு கட்டளையைச் செய்தாலும் அது கணக்கில் ஏறும். முடிந்தவுடன் அந்த ஊரைவிட்டுக் கிளம்பு. இதுதான் அவர் சொன்னதன் சாரம். அவர் தராசில் ஒரு தட்டில் வைத்தது உதட்டுச் சொல், மறு தட்டில் கைவேலை. நெஞ்சை அவர் நிறுக்கவே இல்லை. நெஞ்சுக்குள் புகுந்து பார்க்கத் துடித்தவர்கள் பின்னாளில் வந்த விசாரணை மன்றத்தார்.

இந்தத் தராசு சரிதானா என்று பார்க்க இயற்கையே ஒரு சோதனைக்கூடம் அமைத்ததுபோல் அமைந்தது போர்ச்சுகலின் கிழக்கு மலைப்பகுதியில் உள்ள பெல்மோன்டே என்ற சிற்றூர். 1917இல் போலந்திலிருந்து வந்த சாமுவேல் ஷ்வார்ஸ் என்ற சுரங்கப் பொறியாளர் அங்கே மறைவில் யூதச் சடங்குகளைச் செய்துவரும் குடும்பங்களைக் கண்டார். 1925இல் அதைப் பற்றி நூல் எழுதினார். நானூறு ஆண்டுகளில் அவர்களிடம் எது மிஞ்சியது, எது போனது என்ற பட்டியல் மிகவும் பாடம் தருவது. எபிரேயம் போய்விட்டது. வேதச்சுருள், ரபி, தொழுகைக்கூடம், பிற யூதர்கள் உலகில் இருக்கிறார்கள் என்ற அறிவு, எல்லாம் போய்விட்டன. மிஞ்சியவை வெள்ளி மாலையில் வெளியே வெளிச்சம் தெரியாதபடி மறைத்து ஏற்றிய விளக்கு, பாஸ்கா காலத்துப் புளிப்பில்லா அப்பம், சில நோன்புகள், தாயிடமிருந்து மகள் மனப்பாடமாக வாங்கிய போர்ச்சுகீசிய வேண்டுதல்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் எல்லோரையும்போல முழந்தாளிட்டவர்களும் இவர்களே. கோட்பாடு என்று சொல்லத்தக்க எதுவும் அவர்களிடம் தெளிவாக இல்லை. யூத இறையியல் கேட்டால் ஒருவரும் தேறியிருக்கமாட்டார். நெஞ்சின் நம்பிக்கைதான் காப்பது என்றால் நூல்களும் ஆசிரியரும் இல்லாத இவர்களிடம் அது இரண்டு தலைமுறையில் கரைந்திருக்க வேண்டும். கை செய்த வேலை கரையவில்லை.

ஆனால் வெறும் கைப்பழக்கம் என்றும் விட்டுவிட முடியாது. ஷ்வார்ஸ் தன்னை யூதன் என்று சொன்னபோது பெல்மோன்டே பெண்கள் நம்பவில்லை. தாங்கள் அறிந்த வேண்டுதல் ஒன்றுகூட இந்த ஆளுக்குத் தெரியவில்லையே! அவர் எபிரேயத்தில் யூதர்களின் முதன்மையான வேண்டுதலைச் சொன்னார். மற்றெதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. ‘அதோனாய்’ என்ற இறைப்பெயர் வந்ததும் நிமிர்ந்தார்கள். அந்த ஒரு சொல் மட்டும் அவர்கள் வேண்டுதல்களில் மிஞ்சியிருந்தது. இந்த நிகழ்ச்சியைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மிஞ்சிய சொல்லை வியப்பார்கள். எனக்கு வியப்பூட்டுவது அந்தப் பெண்கள் தேர்வு வைத்தார்கள் என்பது. வந்தவர் படித்தவர், வெளியுலகம் அறிந்தவர், யூதரென்று ஐயமற நிறுவக்கூடியவர். அவர்களோ எழுதப்படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்கள். ஆனாலும் ‘நீ சொல்வது தவறு’ என்று சொல்லும் உரிமை தங்களுக்கு உண்டென்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. நானூறு ஆண்டுகளாக ஒருத்தி வேண்டுதலைத் தப்பாகச் சொன்னால் இன்னொருத்தி திருத்தியிருக்கிறாள். வேர் என்று நாம் பெயர் வைத்திருப்பது இதுதான் என்பது என் வாதம். நமக்கு அடியில் எங்கோ புதைந்திருக்கும் பொருள் எதுவுமில்லை. நாம் ஒன்றைச் செய்யும்போது, ‘அது அப்படி இல்லையம்மா, இப்படி’ என்று சொல்ல உரிமை உள்ளவர்கள் யாரோ, நாமும் அந்த உரிமையை ஒப்புக்கொண்டு மறுபடி செய்து பார்க்கிறோமோ, அவர்களே நம் வேர்.

இதற்கு முதல் மறுப்பு இரத்தத்தின் பெயரால் வரும். ஒருவர் எதையுமே செய்யாவிட்டாலும், யாருமே திருத்தாவிட்டாலும், பாட்டன் பாட்டன்தானே என்பார்கள். உண்மைதான், பாட்டன் பாட்டனே. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு ஒருவரை ‘இன்னார்’ என்று முடிவுகட்டலாம் என்ற கொள்கையை முழு மூச்சாக நடத்திப் பார்த்தவர்கள் ஐபீரியத் தீபகற்பத்தில் இருந்தார்கள். விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டவரிடம் தாய்வழி, தந்தைவழி முன்னோரின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளவே தனி அமர்வு ஒன்று இருந்தது. உடம்பில் கால் பங்கு புதுக் கிறிஸ்தவ இரத்தம், அரைக்கால் பங்கு என்று பின்னக் கணக்கு போட்டார்கள். உலக வரலாற்றில் அவர்களைப்போல விடாமுயற்சியோடு மற்றவர்களின் வேரைத் தேடியவர்கள் குறைவு. பழைய கிறிஸ்தவர், புதுக் கிறிஸ்தவர் என்ற வேறுபாட்டைப் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் 1773இல் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டியிருந்தது. அதே நாடு 2015இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம், வெளியேற்றப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்களுக்குக் குடியுரிமை தந்தது. அதற்குக் கேட்கப்பட்டவை குடும்பப்பெயர், வீட்டுமொழி, பரம்பரை நினைவு ஆகியவற்றால் தெரியும் தொடர்பு. சான்று தரும் பொறுப்பு லிஸ்பன், போர்ட்டோ யூத சமூகங்களுக்கு. பரிகாரம் என்ற வகையில் அது மதிக்கத்தக்கதே. ஆனால் ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் அதன்வழி போர்ச்சுகல் குடிமகனானது வெளியே தெரிந்து பெரும் சர்ச்சையாகி, 2022இல் விதிகள் இறுக்கப்பட்டன. வெறும் வம்சாவளி எவ்வளவு மெல்லிய கயிறு என்று அரசாங்கமே கற்றுக்கொண்டது.

இரண்டாம் மறுப்பு இதைவிடக் கூர்மையானது. அதைச் சொன்னவரும் போர்ச்சுகீசிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1670இல் வெளியிட்ட இறையியல் அரசியல் நூலில் தத்துவவாதி ஸ்பினோசா, யூதர்கள் இத்தனை காலம் நிலைத்ததற்குப் பிற இனத்தாரின் வெறுப்பே பெரும் காரணம் என்றார். அதற்கு ஐபீரியாவிலிருந்தே சான்றும் காட்டினார். ஸ்பெயினில் மதம் மாறியவர்களுக்குப் பதவியும் மதிப்பும் கிடைத்தன, அவர்கள் கலந்து மறைந்தார்கள். போர்ச்சுகலில் மாற்றப்பட்டவர்களுக்கு அவை மறுக்கப்பட்டன, அவர்கள் தனியாகவே நின்றார்கள் என்பது அவர் கணக்கு. இருபதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் இதையே வேறு சொற்களில் சொன்னார். இப்படிப் பார்த்தால் வேர் என்பது பகைவன் எழுதிக் கொடுத்த பாத்திரம்; பகை நின்றால் நாடகமும் நின்றுவிடும். ஆனால் ஸ்பினோசாவின் ஸ்பெயின் கணக்கு தவறு. 1449இல் தொலேதோ நகரில் தொடங்கிய ‘இரத்தத் தூய்மை’ விதிகள் ஸ்பெயினில் மதம் மாறியவர்களின் பேரர்களையும் பதவியின் வாசலில் மறித்தன. அங்கும் வெறுப்பு இருந்தது. விளைவு மட்டும் வேறாக இருந்தது. பெல்மோன்டே இன்னும் வலுவான பதில். 1821க்குப் பிறகு விசாரணை மன்றம் இல்லை, சிதை இல்லை. ஆனாலும் ஒரு நூற்றாண்டு அந்த விளக்குகள் மறைவிலேயே எரிந்தன. 1996இல் அவ்வூரில் வெளிப்படையாகத் தொழுகைக்கூடம் திறந்தபோதும் சில குடும்பங்கள் வரவில்லை. மறைவாகச் செய்வதே தங்கள் சமயம் என்றார்கள். வெறுப்பு வேலியைக் கட்டியிருக்கலாம். வேலிக்குள் யார் என்ன பயிரிட்டார்கள் என்பதை வேலியைக் கொண்டு விளக்க முடியாது.

இப்போது நடிகையிடம் திரும்ப வேண்டும், ஏனெனில் மூன்றாம் மறுப்பு அங்கிருந்து கிளம்புகிறது. செய்வதும் திருத்தப்படுவதும்தான் வேர் என்றால், பதினான்கு பருவம் கென்சி பிளையாக நடித்தவருக்குக் கென்சியும் ஒரு வேராகிவிடாதா? இயக்குநர் திருத்துகிறார், அவர் மறுபடி செய்கிறார். கென்சியே வேடம் போட்டு உளவறியும் குழுவில் வேலை பார்ப்பவள்; ஆக வேடத்துக்குள் வேடம். வேறுபாடு உண்மை, பொய் என்பதில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நல்ல நடிகரின் கண்ணீர் பல மரண வீடுகளின் கண்ணீரைவிட உண்மையானது. வேறுபாடு முடிவில் இருக்கிறது. கென்சி 2023 மே மாதம் முடிந்துபோனாள். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அவளைப்போல நடக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. போர்ச்சுகீசியராக இருப்பதற்கோ யூதராக இருப்பதற்கோ ஒப்பந்தத் தேதி கிடையாது. விட்டு விலகலாம், ஆனால் அந்த விலகலுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நடிப்புக்கும் வாழ்வுக்கும் நடுவே கிடக்கும் இந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இன்னொரு போர்ச்சுகீசிய நடிகை சான்று.

கார்மென் மிராண்டா 1909இல் வட போர்ச்சுகலில் பிறந்து, ஒரு வயது நிரம்புமுன் பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்டவர். ரியோவில் சம்பா பாடிப் புகழ் பெற்று, 1939இல் நியூயார்க் மேடைக்குப் போய், பிறகு ஹாலிவுட்டில் தலையில் பழக்கூடையோடு ஆடிய ‘பிரேசில் பெண்’ ஆனார். அந்த உடை பாஹியா மாநிலத்துக் கறுப்பினப் பெண் வியாபாரிகளின் உடையிலிருந்து எடுத்தது. கடைசிவரை அவர் கையில் இருந்ததோ போர்ச்சுகல் கடவுச்சீட்டு. 1940இல் ரியோவுக்குத் திரும்பி உர்கா சூதாட்டக்கூட மேடையில் பாடியபோது கூட்டம் உறைந்து உட்கார்ந்திருந்தது. அமெரிக்கக்காரியாகத் திரும்பிவிட்டாள் என்று பத்திரிகைகள் குத்தின. அதற்கு அவர் சம்பாவாலேயே பதில் பாடினார். இரத்தத்தைப் பார்த்தால் பிரேசிலியர்களுக்கு அவரைக் குறை சொல்ல உரிமையே இல்லை, அவர் போர்ச்சுகீசியர். ஆனால் அந்தக் குளிர்ந்த வரவேற்பு அவரைச் சுட்டது, சுட்டதால் பாட வைத்தது. அவருடைய வேர் எது என்பதற்கு அந்த ஓர் இரவைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அவருடைய துன்பம் பிறகு வந்தது. பதினான்கு ஆண்டுகள் பிரேசிலுக்குத் திரும்பாமல், பிரேசிலைச் சரியாக நடிக்கிறாரா என்று சொல்லத் தெரியாத பார்வையாளர்கள் முன்னிலையில் மட்டும் அதை நடித்தார். கூடை பெரிதாகிக்கொண்டே போனது. திருத்த ஆளில்லாத இடத்தில் ஆடினால் வேர் தலைப்பாகையாகிவிடும். 1955இல் அவர் இறந்தபோது உடலை ரியோவுக்குக் கொண்டுவந்தார்கள். கலங்கிய கூட்டத்தில் 1940இல் உறைந்து உட்கார்ந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இந்த வாதத்தில் எனக்கே உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. திருத்தும் உரிமை என்று மென்மையாகச் சொல்கிறோம். விசாரணை மன்றமும் திருத்துவதாகத்தான் சொல்லிக்கொண்டது. யூத சமூகங்களும் கையில் பூவோடு இருக்கவில்லை. போர்ட்டோவில் கத்தோலிக்கராக வளர்ந்த ஊரியல் த கோஸ்தா, வேதத்தைப் படித்து யூதராக விரும்பி ஆம்ஸ்டர்டாம் போனார். அங்கே கண்ட யூத வழக்கங்கள் வேதத்தில் இல்லையே என்று வாதிட்டார். விலக்கப்பட்டார், திரும்பச் சேர்வதற்காகத் தொழுகைக்கூடத்தில் சாட்டையடி வாங்கினார், 1640இல் தற்கொலை செய்துகொண்டார். பதினாறு ஆண்டு கழித்து, 1656 ஜூலை 27ஆம் நாள், அதே சமூகம் இருபத்துமூன்று வயது ஸ்பினோசாவை விலக்கியது. அந்த விலக்கு ஆணை எழுதப்பட்ட மொழி போர்ச்சுகீசியம். நூறு ஆண்டுகளுக்கு மேல் தங்களை எரித்த நாட்டின் மொழியில்தான் அவர்கள் தங்கள் பிள்ளையைச் சபித்தார்கள்! இதை நியாயப்படுத்த நான் முன்வரமாட்டேன். ஆனால் திருத்துவதும் தண்டிப்பதும் ஒன்றல்ல என்று காட்ட முடியும். திருத்துகிறவர் நீங்கள் அந்தக் காரியத்தைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று விரும்புகிறார். தண்டிக்கிறவருக்கு நீங்கள் நிறுத்தினால் போதும். பெல்மோன்டே பாட்டி முதல் வகை, விசாரணை அதிகாரி இரண்டாம் வகை, ஆம்ஸ்டர்டாம் பெரியவர்கள் முதல் வகையில் தொடங்கி இரண்டாம் வகையில் போய் விழுந்தவர்கள். எந்தச் சமூகமும் எந்த நேரமும் அப்படி விழக்கூடும். வேர் என்பது ஆறுதலான பொருள் என்ற நினைப்பை இங்கே கைவிடத்தான் வேண்டும்.

அப்படியானால் ஒருவரைத் திருத்த மூன்று திசைகளில் ஆட்கள் இருப்பது குறையா, பலமா? வேரை மரத்தின் வேராக நினைத்தால் குறைதான். ஒரு மரத்துக்கு மூன்று நிலம் இருக்க முடியாது. திருத்தும் உரிமையாக நினைத்தால் அதில் விந்தையே இல்லை. பாஸ்டனில் பிறந்த ஒருவர் போர்ச்சுகல் தொடரில் பேசும்போது எந்தச் சொல் வழுக்கியது என்று லிஸ்பன் வீடுகளில் உட்கார்ந்து பார்க்கும் யாரும் சொல்லலாம். லாஸ் ஏஞ்சலஸ் படப்பிடிப்புத் தளத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் காது கிடையாது, வேறு காது உண்டு. பாஸ்கா மேசையைச் சுற்றி உட்காருபவர்களுக்கு மூன்றாவது காது. மூன்று இடத்திலும் தவறு செய்யக்கூடியவராக இருப்பது மூன்று இடத்தையும் சேர்ந்தவராக இருப்பதே. எந்த இடத்தில் நாம் என்ன செய்தாலும் ‘அருமை’ என்கிறார்களோ அந்த இடத்தில் நாம் விருந்தாளி. டானியேலா ரூவா 2021 முதல் தான் நடித்த தொடரின் சில அத்தியாயங்களை இயக்கவும் செய்தார். ‘மறுபடி ஒருமுறை’ என்று கேட்டுப் பழகியவர், சொல்கிறவராகவும் ஆனார். எல்லா மரபிலும் பிள்ளைகள் பாட்டிகளாவது இந்த வழியில்தான்.

திருத்தம் என்பது எழுத்தில் ஏறினால் அதற்குப் பெயர் இலக்கணம். எபிரேயச் சமூகம் விலக்கிவைத்த ஸ்பினோசா, பிற்காலத்தில் எபிரேய மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதத் தொடங்கினார், முடிக்காமல் இறந்தார், அது 1677இல் அவர் மறைவுக்குப் பின் வந்த தொகுப்பில் அச்சாயிற்று. அவருக்கு நூறு ஆண்டுக்கு முன் வேறொருவர் இருந்தார். போர்ச்சுகலின் விலா விசோசாவில் 1520இல் புதுக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். யூத இரத்தம் என்பதால் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியே அனுப்பியது. இயேசு சபையில் சேர்ந்து 1546இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர்களிடையே தமிழ் கற்றார். அவர் அன்றிறீக்கு அடிகளார் என்று நாம் அறியும் என்றிக்கே என்றிக்கஸ். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. யூத வழிவந்தவரை இனிச் சேர்ப்பதில்லை என்று அவருடைய இயேசு சபையும் 1593இல் விதி செய்தபோது, அவர் உயிரோடு தமிழ்க் கடற்கரையில்தான் இருந்தார்; 1600இல் அங்கேயே இறந்தார். தமிழர்களிடம் கேட்டுக் கேட்டு, தப்பும் சரியும் பிரித்து, 1549 வாக்கில் அவர் போர்ச்சுகீசிய மொழியில் எழுதத் தொடங்கிய தமிழ் இலக்கணத்தின் கைப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 2013இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. மொழிபெயர்த்து விளக்கம் எழுதிய இருவரில் ஒருவர் தமிழறிஞர் வி. எஸ். ராஜம்.